கூலிக்காரரைக் கூலிக்காரரோடு மோதவிடும் வதந்தி

தஞ்சை வட்டாரத்தில் ஒரு குடியிருப்பு. மாலைப் பாடம் முடிந்து பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தோம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டினார். நான்கைந்து பேர் சேர்ந்து ஒருவரை அடிக்கும் வீடியோ. வடக்கத்தி ஆட்கள் நம்ம ஊர்க்காரரை அடிக்கிறார்கள், எல்லா குரூப்புக்கும் அனுப்புங்கள் என்று அதோடு ஒரு செய்தி.

"இது எந்த ஊருப்பா?"

"தெரியலண்ணே."

"என்னைக்கு நடந்தது?"

"தெரியல."

"எத்தனை குரூப்புக்கு அனுப்புன?"

"மூணு."

அவருடைய அம்மா நடவுக்குப் போகிறவர். அவர் வழக்கமாக நடும் வயல்களில் சிலவற்றை இந்த முறை மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஆட்கள் மொத்தக் கூலிக்கு நட்டுவிட்டார்கள். வேலை நாள் குறைந்த வருத்தம் வீட்டில் இருக்கிறது. அந்த வருத்தத்தைப் பகையாக்கத்தான் இப்படிப்பட்ட வீடியோக்கள் வருகின்றன.

2023 மார்ச்சில் இதே வேலை தலைகீழாக நடந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று வட மாநிலங்களில் வீடியோக்கள் பரவின. பீகார் சட்டமன்றம் வரை அது எதிரொலித்தது. அவற்றில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் இரு தரப்பாக மோதிக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு என்று தமிழகக் காவல்துறை விளக்கியது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழுவும் நேரில் வந்து விசாரித்துச் சென்றது. வதந்தி பரப்பியதாக யூடியூபர் ஒருவர் கைது செய்யப்பட்டார். ஆனால் அந்த நாட்களில் பயந்து நடுங்கியவர்கள் யார்? குடும்பத்தை விட்டு ஆயிரம் மைல் தாண்டி வந்த கூலிக்காரர்கள்தான்.

டெல்டாக்காரர்களான நமக்கு இது புதிதல்ல. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியாக அளக்கும் நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தில் நின்றதும்தான் அவர்கள் செய்த குற்றம். உள்ளூர்க்காரர்கள் கூலி கேட்டால் வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்வது அன்றைய மிராசுதார்களின் வழி. அந்தப் படுகொலையைக்கூட விவசாயிகளுக்குள் நடந்த மோதல் என்ற தோரணையில் பத்திரிகைகள் எழுதின. எரித்தவர்கள் செய்தியிலிருந்து மறைந்துபோனார்கள்.

பொய்ச் செய்தி என்பது நடக்காததைச் சொல்வது மட்டுமல்ல. நடந்ததை யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்பதை மறைப்பதும் பொய்தான். சாம்பலான தெருக்களின் பிள்ளைகளே பொய்ச் செய்தியைச் சுமந்து செல்லலாமா?

அன்று மாலையே அந்தத் தம்பியோடு உட்கார்ந்தோம். வீடியோவை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினோம். சில ஆண்டுகளுக்கு முன் வேறு மாநிலத்தில் நடந்த தெருச்சண்டை அது. கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று தெரியாத எதையும் அனுப்பாதீர்கள். கடைகளின் பெயர்ப்பலகை, வண்டியின் நம்பர், பேசும் மொழி மூன்றையும் கவனியுங்கள். தமிழக அரசின் தகவல் சரிபார்ப்பகம், யூடர்ன் போன்ற தளங்களில் தேடுங்கள். அரசு மறுத்துவிட்டது என்பதற்காகவும் ஒன்றை அப்படியே நம்ப வேண்டாம். அதற்கும் ஆதாரம் கேளுங்கள். சாதியையோ ஊரையோ சொல்லி உடனே கோபப்படச் சொல்லும் செய்தி என்றால், இந்தக் கோபத்தால் யாருக்கு லாபம் என்று கேளுங்கள்.

நடவில் நம் பெண்களின் வேலை நாள் குறைவது உண்மை. அதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். வந்தவருக்கும் இருப்பவருக்கும் ஒரே கூலி, அரசு நிர்ணயித்த கூலிக்குக் குறையாத கூலி என்று பேச வேண்டும். அதைப் பேச வேண்டிய இடம் கூலி கொடுப்பவரின் களம். வரப்பில் நம்மைப் போலவே குனிந்து நிற்பவரின் முதுகல்ல.

அந்தத் தம்பி அன்றிரவே மூன்று குரூப்புக்கும் மறுபடி எழுதினார்: "நான் அனுப்பின வீடியோ நம்ம ஊர்ல நடந்ததில்ல. யாரும் அனுப்பாதீங்க. தெரியாம அனுப்பிட்டேன்."