சிங்கப்பூருக்கு நாலேகால் மணி நேரம்! மீனம்பாக்கத்துக்கு எவ்வளவு?

பெருங்களத்தூர்:
சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோ மீட்டர். விமானம் ஏறக்குறைய நாலேகால் மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கி விடுகிறது.

பெருங்களத்தூரிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் பத்துப் பதினொரு கிலோ மீட்டர்தான். மணிக்கு 850 கிலோ மீட்டர் பறக்கும் ஜெட் விமானத்துக்கு இது ஒரு நிமிஷத் தூரம்கூட இல்லை. ஆனால் பண்டிகை நேரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் மாட்டிக்கொண்டால்? ஆண்டவனுக்கே வெளிச்சம்!

நகையை அடகு வைத்து டிக்கெட் வாங்கியவர் கோட்டை விடுவது இந்தப் பத்து கிலோ மீட்டரில்தான்.

கப்பலில் ஒரு வாரம்

முன்பெல்லாம் சிங்கப்பூர் போக கப்பல் இருந்தது. கிட்டத்தட்ட ஒரு வாரம் கடலில் கிடக்க வேண்டும். 1985 பிப்ரவரியில் 'சிதம்பரம்' கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது. அதோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது.

கடிகார மாயம்

டிக்கெட்டைப் பார்த்தால் பலருக்குத் தலை சுற்றும். சென்னையில் ராத்திரி 11 மணிக்குக் கிளம்பும் விமானம், சிங்கப்பூரில் காலை 5.45க்கு இறங்கும். "ஆறே முக்கால் மணி நேரமா?" என்று மலைக்க வேண்டாம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரி 1 முதல் இதுதான் கணக்கு. டிக்கெட்டில் இரண்டு ஊர் நேரமும் அந்தந்த ஊர்க் கணக்கில்தான் இருக்கும்.

திரும்பி வரும்போது தலைகீழ். அங்கே ராத்திரி 9 மணிக்கு ஏறினால் இங்கே 10.45க்கு இறங்கலாம். வரவேற்கப் போகும் சொந்தக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விமானம் பறந்து வந்தது அதே நாலேகால் மணி நேரம்தான்.

தேதியில் உஷார்!

பெரிய ஆபத்து நள்ளிரவு விமானத்தில் இருக்கிறது. டிக்கெட்டில் 'சனிக்கிழமை 00.30' என்று இருக்கும். சனிக்கிழமை ராத்திரி பெட்டியும் கையுமாகப் போய் நின்றால், விமானம் முந்தின ராத்திரியே பறந்திருக்கும்! வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கே அங்கே இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூணு மணி நேரம் முன்னாடி வரச் சொல்கிறார்கள். பொதுவாக விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே கவுண்டரை மூடி விடுவார்கள். அதற்குப் பிறகு கெஞ்சியும் பிரயோஜனம் இல்லை.

ஐந்தாவது ஸ்டேஷன்

கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ந் தேதி திறக்கப்பட்டது. தெற்கிலிருந்து வரும் அரசு விரைவு பஸ்கள் அங்கேயே நின்று விடுகின்றன. அங்கிருந்து விமான நிலையம் போக வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம் எல்லாம் தாண்ட வேண்டும்.

ரோடு அடைத்திருந்தால் பெருங்களத்தூரில் மின்சார ரெயில் ஏறலாம். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். இறங்கினால் ரோட்டுக்கு எதிர்ப்புறம் விமான நிலையம். தண்டவாளத்தில் டிராபிக் ஜாம் இல்லை! ஆனால் நள்ளிரவு தாண்டினால் விடியற்காலை வரை மின்சார ரெயில் கிடையாது. அந்த நேரத்தில் போகிறவர்கள் வண்டியை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

கடல் தாண்டுவது பைலட் வேலை. தாம்பரம் தாண்டுவது நம்ம வேலை!