கசிந்த தகவலும் செய்தியாளர் கடமையும்

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பிக்பாஸ்கெட் நிறுவனம், அரிசி, காய்கறி முதலிய பொருள்களை இணையவழி விற்று, வீட்டிற்கே கொண்டுவந்து தருகிறது. அதன் வாடிக்கையாளர் ஏறத்தாழ 2 கோடிப் பேரின் தகவல்கள் திருடப்பட்டு, இணையத்தின் மறைவான சந்தையில் விற்கப்படுவதாக 2020 நவம்பரில் சைபில் என்னும் இணையப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், வீட்டு முகவரி, பிறந்த நாள் ஆகியன அவற்றுள் அடங்கும்.

இத்தகைய அறிவிப்பு வந்தவுடன் செய்தியாளர் அதனை அப்படியே வெளியிடலாமா? கூடாது. பழைய தகவல்களைப் புதியன என்று கூறி விற்போரும் உண்டு. ஆதலால், உண்மையை முதலில் வல்லுநர்களிடம் கேட்டு ஆராய்தல் வேண்டும்.

அடுத்து, நிறுவனத்தின் விளக்கத்தைப் பெறுதல் வேண்டும். பெங்களூரு இணையக் குற்றப் பிரிவில் புகார் அளித்துள்ளதாகவும், கடன் அட்டை எண் போன்ற பணத் தகவல்களைத் தான் சேமிப்பதில்லை என்றும் பிக்பாஸ்கெட் கூறியது. அவ்விளக்கமும் செய்திகளில் இடம்பெற்றது.

மூன்றாவதாக, இழந்தது எது, இழக்காதது எது என்பதைப் பிரித்துக் காட்டுதல் வேண்டும். திருடப்பட்ட கடவுச்சொற்கள், எளிதில் படிக்க இயலாதவாறு உருமாற்றப்பட்டிருந்தன. எனினும், எளிய கடவுச்சொற்களைத் திருடர்கள் கணினியின் துணையால் கண்டறிந்துவிடுவர். அதே சொல்லை வேறு தளங்களிலும் பயன்படுத்துவோர்க்கு அங்கும் தீங்கு நேரலாம். இதனைப் படிப்பவர் தம் கடவுச்சொல்லை உடனே மாற்றிக்கொள்வார். செய்தியின் பயன் அதுவே.

திருடப்பட்ட முகவரிகளையும் எண்களையும் நல்ல செய்தியாளர் அச்சிடார். அவை கிடைக்கும் இடத்தையும் காட்டார். ஒருமுறை எழுதியதோடு அவர் பணி முடிவதுமில்லை. 2021 ஏப்ரலில் அத்தகவல்கள் விலையின்றியே இணையத்தில் வெளியிடப்பட்டன, அதுவும் செய்தியாயிற்று.

கடவுச்சொல்லை மாற்றலாம், பிறந்த நாளை மாற்ற இயலுமா? தம் தகவல் கசிந்ததை முதலில் அறியும் உரிமை அதற்குரியவருக்கே உண்டு. தகவல் கசிந்தால், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவித்தல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. எனினும், நிறுவனம் பேசத் தயங்கும்பொழுது, மக்களுக்காகக் கேள்வி கேட்பவர் செய்தியாளரே.

சிந்தித்து எழுதுக: உங்கள் வீட்டார் எந்தெந்தச் செயலிகளில் வீட்டு முகவரியைப் பதிவு செய்துள்ளனர்? அவற்றுள் ஒரே கடவுச்சொல் உடையவை எத்தனை?