பழைய ஹாலிவுட் படங்களின் அழிவும் மீட்சியும்

தாங்கும் பொருள் அழியின் தாங்கப்பட்ட கலையும் உடனழியும் என்பது, ஏட்டுச்சுவடிகளின் வரலாறு நமக்குக் கற்பித்த பாடமாகும். செல்லுக்கும் தீக்கும் வெள்ளத்துக்கும் இரையாகி மறைந்தொழிந்த தமிழ் நூல்கள் பல. மறையாது எஞ்சியவற்றையும், டாக்டர் உ. வே. சாமிநாதையர் முதலிய பெரியோர் ஊர்தோறும் சென்று திரட்டிப் பாடபேதங்களை ஒப்புநோக்கிப் பதிப்பித்திராவிடின், நாம் இன்று கற்றல் அரிதாகும். 1887-இல் சீவகசிந்தாமணியை வெளியிடுதற்கு ஐயரவர்கள் பட்ட பாடு மாணவர் பலரும் அறிந்ததே. ஓலையிற் செய்யப்பெற்ற அத்தொண்டினை ஒத்த தொண்டொன்று அமெரிக்க நாட்டிலே படச்சுருளின்மீது செய்யப்பெற்று வருகின்றது. பழைய ஹாலிவுட் படங்கள் எவ்வாறு அழிந்தன, எஞ்சியவை எவ்வாறு செப்பனிடப்பெறுகின்றன, அவை இல்லங்களை வந்தடைந்த வரலாறு யாது, அவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்க கருத்து யாது என்பனவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

முதற்கண் படச்சுருளின் இயல்பினை அறிதல் வேண்டும். சினிமா தோன்றிய நாள் தொட்டு 1950-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை ஹாலிவுட்டிற் பெரிதும் கையாளப்பெற்ற 35 மில்லிமீட்டர் சுருள், செல்லுலோஸ் நைட்ரேட் என்னும் பொருளாற் செய்யப்பட்டதாகும். வெடிமருந்தாகப் பயன்படும் பொருளுக்கு இஃது உடன்பிறப்பு எனலாம். தெளிவிலும் உறுதியிலும் சிறந்து விளங்கினமையால், அபாயத்தை அறிந்தும் பட முதலாளிகள் இதனை எளிதிற் கைவிடாராயினர். இதில் தீப்பற்றின் அணைத்தல் அரிது. எரிதற்கு வேண்டிய பிராணவாயு அதனுள்ளேயே அடங்கியிருத்தலின், நீருள் அமிழ்த்தினும் அது நின்றெரியும். தீப்பற்றாவிடினும் அதற்கு வேறொரு கேடு உண்டு. வெப்பமும் ஈரமும் மிக்க இடத்தில் வைக்கப்பெறின், அமிலத்தன்மையுள்ள வாயுவை வெளியிட்டுத் தன்னைத்தானே அரித்துக்கொள்ளும். முதலில் உருவங்கள் மங்கும். பின்னர்ச் சுருள் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். இறுதியிற் பழுப்பு நிறத் தூளாகி உதிரும்.

இவ்வியல்பினால் நேர்ந்த இழப்புக்கள் மிகப் பல. 1937-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் தேதி, நியூ ஜெர்ஸி மாகாணத்து லிட்டில் பெரி என்னும் ஊரில் பாக்ஸ் கம்பெனியாரின் படக் கிடங்கு கோடை வெப்பத்தாற் பற்றியெரிந்தது. அக்கம்பெனியார் எடுத்த பேசாப்படங்களிற் பெரும்பகுதி ஒரே நாளிற் சாம்பலாயிற்று. அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். 1965-இல் எம்.ஜி.எம். கம்பெனியாரின் கிடங்கொன்றில் நிகழ்ந்த தீவிபத்தில், லான் சேனி நடித்த ‘லண்டன் ஆப்டர் மிட்நைட்’ என்னும் 1927-ஆம் ஆண்டுப் படத்தின் எஞ்சிய ஒரே பிரதியும் அழிந்தது என்பர். தீயினும் கொடியது மனிதரின் அசட்டையாகும். பேசும் படம் வந்தபின் பேசாப்படத்திற்கு விலையில்லை என்று கருதி, சுருளிலுள்ள வெள்ளியை எடுத்தற்பொருட்டே அதனை அழித்தவர் பலர். அமெரிக்கக் காங்கிரஸ் நூல்நிலையத்தார் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் வெளிவந்த ஏறத்தாழ 11,000 பேசாப் பெரும்படங்களுள், முதலில் வெளிவந்த 35 மில்லிமீட்டர் வடிவிலேயே முழுமையாக இன்று உள்ளவை நூற்றுக்கு 14 மட்டுமே. நூற்றுக்கு 70 அடியோடு மறைந்தன.

எனினும், இழந்தவை சில எதிர்பாராத இடங்களினின்றும் கிடைத்தலும் உண்டு. கனடா நாட்டின் வடகோடியிலுள்ள டாஸன் என்னும் ஊரில், 1929-இல் நீச்சற்குளமொன்றைத் தூர்க்கப் புதைக்கப்பட்ட ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சுருள்கள், உறைபனி நிலத்தின் குளிர்ச்சியாற் காக்கப்பட்டு, 1978-இல் தோண்டி எடுக்கப்பெற்றன. ஜான் போர்டு என்னும் புகழ்பெற்ற டைரக்டர் 1927-இல் எடுத்த ‘அப்ஸ்ட்ரீம்’ என்னும் படம், நியூஸிலாந்திற் கிடைத்ததாக 2010-இல் உலகறியலாயிற்று. பரணிற் கிடந்த சுவடிக்கட்டைக் கண்டெடுத்தார் எய்திய உவகையே இவற்றைக் கண்டார்க்கும் வாய்த்திருத்தல் வேண்டும்.

வண்ணப்படங்களின் நிலை வேறொருவாறு அமைந்தது. 1935-இல் வெளிவந்த ‘பெக்கி ஷார்ப்’ முதலாக வளர்ந்த டெக்னிகலர் முறையில், காமிராவினுள் மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்கள் ஒருங்கே ஓடிச் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றன் பதிவையும் தனித்தனியே ஏற்றன. வண்ணம் பிரதியெடுக்கும்போதுதான் சாயமாக ஏற்றப்பட்டமையின், மூலச்சுருளில் நிறம் மங்குதற்கே இடமில்லை. 1950-இல் ஈஸ்ட்மன் கம்பெனியார் வெளியிட்ட ஒற்றைச்சுருள் முறையோ மலிவும் எளிமையும் உடையது. ஆயின் சாயம் சுருளிலேயே அமைந்தமையால், சில பத்தாண்டுகளில் அது வெளிறிப் படம் முழுதும் செம்மை படர்ந்தது. பிந்திய படம் முந்திய படத்தினும் விரைவில் நிறங்கெட்ட புதுமை இதனால் விளைந்தது.

நிற்க. இப்படங்கள் இல்லங்களுக்கு வந்த வரலாற்றைக் காண்பாம். கொட்டகையில் ஓடி முடிந்த படத்தைப் பொதுமக்கள் மீண்டும் காண்டல் முற்காலத்தில் அரிது. மறுவெளியீடோ டெலிவிஷனோ தந்தாலன்றி அதற்கு வழியில்லை. 1975-இல் பீட்டாமாக்ஸ், 1976-இல் வி.எச்.எஸ். என்னும் வீடியோ நாடாக்கள் ஜப்பானிலிருந்து வெளிவந்தன. 1977-இல் மிச்சிகன் மாகாணத்து ஆந்த்ரே பிளே என்பார், ட்வென்டியத் செஞ்சுரி பாக்ஸ் கம்பெனியாரிடம் ஐம்பது படங்களுக்கு உரிமை பெற்று நாடாவில் விற்கத் தொடங்கினார். வீட்டிற் படம்பிடிக்கும் கருவியை எதிர்த்துப் பட முதலாளிகள் தொடுத்த வழக்கு, 1984-இல் அமெரிக்கத் தலைமை நீதிமன்றத்தில் ஐவருக்கு நால்வர் என்னும் வேறுபாட்டில் தள்ளப்பட்டது. தோற்ற முதலாளிகளே அக்கருவியாற் பெரும்பொருள் ஈட்டினர் என்பது வியப்பு. கிடங்கிற் கிடந்த பழஞ்சுருள் பொன்விளையும் நிலமாயிற்று. விற்கத்தக்கது என்று அறிந்த பின்னரே அதனைக் காக்கும் எண்ணமும் பலர்க்கு உண்டாயிற்று.

ஆயினும் அந்நாடாக்கள் தொடக்கத்திற் செய்த தீங்கும் சிறிதன்று. 1953-இல் ‘தி ரோப்’ படத்தோடு தோன்றிய அகலத்திரைப் படங்களை டெலிவிஷனின் குறுகிய சதுரத்தில் அடக்குதற்பொருட்டு, இரு பக்கங்களையும் வெட்டி எறிந்தனர். திரையின் இரு கோடிகளில் நின்று உரையாடும் இருவருள் ஒருவரே காணப்படுவார். மற்றவர் குரல் மட்டும் கேட்கும். 1980-ஐ அடுத்த ஆண்டுகளிற் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கம்ப்யூட்டராற் சாயம் பூசும் வழக்கமும் எழுந்தது. இதனைக் கலைஞர் பலர் வன்மையாகக் கண்டித்தனர். அக்கிளர்ச்சியின் பயனாக 1988-இல் படப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பெற்று, ஆண்டுதோறும் 25 படங்களைத் தேசியப் பதிவேட்டிற் சேர்க்கும் முறை 1989 முதல் நடைபெறுகின்றது.

இத்தீங்குக்கு மருந்தும் வீட்டு வெளியீட்டினின்றே பிறந்தது. 1978-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லேசர் தட்டில், கிரைடீரியன் என்னும் வெளியீட்டாளர் 1984-இல் ‘சிட்டிஸன் கேன்’, ‘கிங் காங்’ என்னும் படங்களை வெளியிட்டனர். பின்னதில் ரொனால்ட் ஹேவர் என்னும் அறிஞர் படத்தோடு உடனோடும் விளக்கவுரையைப் பேசிப் பதிவுசெய்தார். மூலத்தோடு உரையும் சேர்ந்த பதிப்பு என்று இதனைக் கூறல் தகும். 1997-இல் அமெரிக்காவிற்கு வந்த டி.வி.டி.யும், 2006-இல் வந்த ப்ளூ-ரேயும், 2016-இல் வந்த 4கே தட்டும் முறையே தெளிவிற் சிறந்தன. டி.வி.டி. குறுக்கே 720 புள்ளிகள் உடையது, ப்ளூ-ரே 1,920, 4கே தட்டு 3,840. தெளிவு மிகமிகச் சுருளின் கீறலும் அழுக்கும் நன்கு தோன்றலாயின. ஆகவே செப்பனிடுதல் இன்றியமையாததாயிற்று.

செப்பனிடும் முறை யாதெனில் கூறுவாம். முதலாவது, உலகிலுள்ள பிரதிகளைத் தேடி, மூல நெகட்டிவுக்கு எது அணித்து என்று துணிவர். ஒரு பிரதியிற் சிதைந்த பகுதியை மற்றொன்றினின்றும் நிரப்புவர். பின்னர்ச் சுருளைத் தூய்மைசெய்து, சட்டம் சட்டமாகக் கருவியில் ஒளிப்பதிவு செய்வர். வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுதலின், இரண்டு மணிநேரப் படத்தில் 1,72,800 சட்டங்கள் உள. டெக்னிகலர் படமாயின் அதன் மும்மடங்கு. மூன்று சுருள்களும் வெவ்வேறளவிற் சுருங்கியிருக்குமாதலால், அவற்றைக் கம்ப்யூட்டர் கொண்டு மயிரிழையும் பிசகாமற் பொருத்துவர். 1939-ஆம் ஆண்டின் ‘தி விஸார்ட் ஆப் ஆஸ்’ இவ்வாறு செப்பம் பெற்று, 2019-இல் 4கே தட்டாக வெளிவந்தது. இறுதியாகக் கீறல் நீக்கி, நிறம் திருத்தி, ஒலியின் இரைச்சலைக் களைவர்.

ஈண்டுச் சில எடுத்துக்காட்டுக்கள் தருதும். 1954-இல் வெளிவந்த ‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ படம், வெளிவந்த சின்னாட்களில் அரைமணி நேர அளவிற்குக் குறைக்கப்பட்டது. 1983-இல் மேற்கூறிய ஹேவர், வெட்டப்பட்ட காட்சிகள் சிலவற்றையும் முழு ஒலிப்பதிவையும் கண்டெடுத்தார். காட்சி கிடைக்காத இடங்களில் ஒலி நடக்க, அசையாப் புகைப்படங்களையே அமைத்தார். 1962-ஆம் ஆண்டின் ‘லாரன்ஸ் ஆப் அரேபியா’ 1989-இல் ராபர்ட் ஹாரிஸ் என்பாராற் செப்பனிடப்பட்டபோது, டைரக்டர் டேவிட் லீன் உடனிருந்து உதவினார். ஒலி இழந்த காட்சிகளுக்குப் பீட்டர் ஓட்டூல் முதலிய நடிகர் கால் நூற்றாண்டுக்குப்பின் மீண்டும் குரல் கொடுத்தனர். 1960-ஆம் ஆண்டின் ‘ஸ்பார்ட்டகஸ்’ 1991-இல் செப்பனிடப்படுங்கால் லாரன்ஸ் ஒலிவியர் உயிருடன் இல்லை. ஆகவே ஒரு காட்சிக்கு அந்தனி ஹாப்கின்ஸ் அவர்தம் குரலிற் பேசினார். ‘டச் ஆப் ஈவில்’ என்னும் 1958-ஆம் ஆண்டுப் படத்தைக் கம்பெனியார் மாற்றியமைத்தபோது, டைரக்டர் ஆர்ஸன் வெல்ஸ் 58 பக்கம் எழுதி முறையிட்டார். நாற்பதாண்டு கழித்து, அவர் மறைந்தபின், 1998-இல் வால்ட்டர் மர்ச் அம்முறையீட்டின்படி படத்தைத் தொகுத்தார்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். பழுதை நீக்குவதற்கு எல்லை யாது? சுருளிற் காணப்படும் நுண்மணல் போன்ற பொடி அழுக்கன்று. உருவமே அப்பொடியால் ஆயது. அதனை இரைச்சல் என்று மயங்கித் துடைப்பின், நடிகர் முகம் மெழுகுப் பொம்மையின் முகம்போலாகும். 2010-இல் வந்த ‘ஸ்பார்ட்டகஸ்’ ப்ளூ-ரே இக்குறையாற் பெரிதும் பழிக்கப்பட்டமையின், 2015-இல் மீண்டும் செப்பனிட நேர்ந்தது. 1996-இல் ‘வெர்டிகோ’ படத்திற்குப் புதிய ஒலிகள் சேர்த்தமையும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. தமக்கு விளங்காத பாடத்தைப் பிழையென்று திருத்திவிடும் பதிப்பாசிரியர் செய்யும் குற்றம் இதுவே. விடுபட்ட இடத்தை விடுபட்டதென்றே காட்டுதல் நேர்மை. ஹேவர் அசையாப் புகைப்படத்தை அமைத்தது, சுவடியிற் சிதைந்த அடிக்குப் புள்ளியிடுதலை ஒக்கும். காண்பார் எது பழையது எது சேர்க்கப்பட்டது என அறிவர். மூலம் மட்டும் கெடாதிருப்பின், பிழைபட்ட பதிப்பையும் பின்வருவோர் திருத்திக்கொள்வர் என்பதற்கு ‘ஸ்பார்ட்டகஸ்’ படமே சான்று.

இக்காலத்துப் பலர் தட்டுக்களை விடுத்து இணையத்தின் வாயிலாகவே படம் காண்கின்றனர். அவ்வழி எளிதேனும், உரிமை முடிந்த அன்றே படமும் பட்டியலினின்றும் நீங்கும். நம் அலமாரியிலுள்ள தட்டை ஒருவரும் அவ்வாறு நீக்கார். கம்ப்யூட்டர்க் கோப்புக்களும் அழியாதன அல்ல. சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய கருவிக்கு மாற்றாவிடின் அவை படிக்கவொண்ணாதனவாகும். ஆதலின் குளிர்ந்த உலர்ந்த அறையில் மூலச்சுருளைக் காத்தலே முதற்கடன் என்பது இத்துறை வல்லுநர் துணிபு. வர்ஜீனியா மாகாணத்துக் கல்பெப்பர் என்னும் ஊரில் காங்கிரஸ் நூல்நிலையத்தார் 2007-இல் திறந்த நிலையம் இத்தொண்டினைச் செய்து வருகின்றது.

பொருள்வளம் மிக்க அந்நாடே தன் பேசாப்படங்களிற் பெரும்பாலனவற்றை இழந்துவிட்டது. 1931-இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ என்னும் நம் முதற் பேசும் படத்திற்கோ இன்று ஒரு பிரதியும் இல்லை. காத்தற்குரியது எது என்பதை அது பழையதாகும்வரை ஒருவரும் உணரார். உணருங்கால் அது பெரும்பாலும் மறைந்திருக்கும். எனவே, நம் இல்லங்களிலும் நம் கல்லூரியிலும் உள்ள பழஞ்சுருள், புகைப்படம், ஒலிநாடா முதலியவற்றை, பயனில என்று எறியுமுன் ஒருமுறை எடுத்துப் பார்த்துப் பெயரும் ஆண்டும் எழுதி வைத்தல் மாணவராகிய நம்மால் இயலும் பணியாகும். அப்பணியை இவ்வாண்டிலேயே தொடங்குவோமாக.