பாயசத்துக்கு அவசரமா?

பெண் 'நீட்' தேர்வில் தேறிவிட்டாளா, சகோதரி? பேஷ்! ஆனாலும் பாயசத்துக்கு அடுப்பை மூட்டிவிடாதீர்கள். பொதுப் பிரிவுக்கு வழக்கமாகக் கேட்கும் 50 'பர்சென்டைல்' என்பது நூற்றுக்கு 50 மார்க் அல்ல. எழுதியவர்களில் பாதிப் பேருக்காவது சமமாகவோ மேலாகவோ நின்றாள் என்றே பொருள். அது வாசற்படிதான். உள்ளே இடம் தருவது தரவரிசை! 180 கேள்விகள், 720 மார்க். சரியான விடைக்கு 4. தவறினால் 1 குறையும்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவளா? 2020 முதல் மருத்துவப் படிப்பில் அப்பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டே! படித்ததற்கான சான்றிதழ்களைப் பள்ளியில் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தில் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் பட்டியலில் உள்ளபடியே இருக்கட்டும்.

இடம் கிடைத்த உத்தரவு கைக்கு வரட்டும். அப்புறம் முந்திரியைத் தாராளமாகவே போடலாம்!