ஒரே தேதி, இரண்டு ‘ஆம்’: அயர்லாந்தின் மே 22 பற்றித் தெரியுமா?

1998 மே 22, வெள்ளிக்கிழமை. 2015 மே 22, அதுவும் வெள்ளிக்கிழமைதான். இந்த இரண்டு நாளிலும் அயர்லாந்து மக்கள் பெரும்பாலும் பூத்துக்குப் போனது எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க இல்லை. ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் சொல்ல. அந்த நாட்டில் அரசியல் சாசனத்தில் கை வைக்க நாடாளுமன்றம் மட்டும் போதாது, மக்களிடம் கேட்டே ஆகணும்.

1998: என்ன கேட்டார்கள்?

வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. அங்கே பிரிட்டனோடு இருக்க நினைத்த யூனியனிஸ்ட்களுக்கும், அயர்லாந்தோடு சேர நினைத்த தேசியவாதிகளுக்கும் நடுவே 30 வருட மோதல். செத்தவர்கள் 3,500 பேருக்கும் மேல். அந்த ஏப்ரலில் கையெழுத்தான புனித வெள்ளி ஒப்பந்தத்தை ஏற்கிறீர்களா என்பதுதான் வடக்கில் கேள்வி. 71% பேர் ‘ஆம்’ என்றார்கள். தெற்கில் விஷயம் இன்னும் கனமானது: தீவு முழுவதும் எங்களுடையது என்று சாசனத்தில் எழுதியிருந்த உரிமையை விட்டுக்கொடுக்கணும். 94% பேர் சரி என்றார்கள். 1921-ல் தீவு பிரிந்த பிறகு, இரு பக்கமும் ஒரே ஒப்பந்தம் பற்றி ஒரே நாளில் முடிவு சொன்னது அதுவே முதல் முறை.

2015: ஊருக்குத் திரும்பிய ஓட்டு

இந்த முறை தெற்கு மட்டும். கேள்வி, தன்பாலினத் திருமணம். 1993 வரை ஆண்களின் தன்பாலின உறவைக் குற்றமாக வைத்திருந்த கத்தோலிக்க நாடு இது!

வெளிநாட்டில் குடியேறியவர்களுக்கு அங்கே தபால் ஓட்டு கிடையாது. அதனால் லண்டனிலிருந்து கப்பலிலும், ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்திலும் இளைஞர்கள் கிளம்பி வந்தார்கள். ஒரு ஓட்டுக்காக! பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம் மாதிரி ட்விட்டர் முழுக்க ‘ஹோம் டு ஓட்’ படங்கள். முடிவு: 62% ‘ஆம்’. மக்கள் ஓட்டின் மூலம் இந்த உரிமையைக் கொடுத்த முதல் நாடு அயர்லாந்து. அந்த ஜனவரியில்தான், தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார் அமைச்சர் லியோ வரத்கர். அப்பா மும்பைக்காரர். 2017-ல் வரத்கர் பிரதமரே ஆனார்.

இரண்டும் மோதிய இடம்

எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. 2015 நவம்பரில் வட அயர்லாந்து சட்டமன்றத்திலும் இதே தீர்மானம் வந்தது. மயிரிழையில் பெரும்பான்மையும் கிடைத்தது. ஆனாலும் தோற்றது. எப்படி?

அப்போது இருந்த 108 உறுப்பினர்களில் 30 பேர் கையெழுத்துப் போட்டு ‘கவலை மனு’ கொடுத்தால், வெறும் பெரும்பான்மை செல்லாது என்பது 2015-ல் இருந்த விதி. யூனியனிஸ்ட், தேசியவாதி என இரு தரப்பிலும் போதிய ஆதரவு தேவைப்பட்டது. ஒரு சமூகத்தை இன்னொன்று நசுக்கிவிடக் கூடாது என்று புனித வெள்ளி ஒப்பந்தம் வைத்த பூட்டு அது. அதாவது, 1998 மே 22-ல் மக்கள் ‘ஆம்’ சொன்ன பூட்டு. அதைப் போட்டது ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி. 1998-ல் அந்த ஒப்பந்தமே வேண்டாம் என்று பிரசாரம் செய்த அதே கட்சி.

2017 ஜனவரியில் வட அயர்லாந்து அரசே கவிழ்ந்து, மூன்று வருடம் முடங்கியது. அந்த இடைவெளியில் லண்டன் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 2020 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரியில் முதல் கல்யாணம் நடந்தது.