சிறு நீர்த்தாவரத் தொட்டிக்குச் சண்டைமீன் தெரிதல்

விதைநெல்லை நிறம் மட்டும் பார்த்துக் கமக்காரர் எவரும் தெரிந்தெடுப்பதில்லை. மணியின் நிறைவு, முளைதிறன், நோயின்மை என்பவற்றை ஆராய்ந்த பின்னரே அதனை நாற்றுமேடைக்கு எடுப்பர். வீட்டில் அழகுக்காக வளர்க்கும் மீனையும் அவ்வாறே தெரிதல் வேண்டும். கடைகளிற் பைற்றர் என விற்கப்படும் சண்டைமீனை அதன் செந்நிறமும் நீலநிறமும் கண்டு வாங்கிச் சென்று, சில நாட்களுள் இழப்போர் உளர். அவ்விழப்பைத் தவிர்க்கும் முறைகள் இங்கே கூறப்படுகின்றன.

மீனின் இயல்பு

இம்மீனின் தாயகம் தாய்லாந்து. அந்நாட்டின் நடுச் சமவெளியிலுள்ள நெல்வயல்களிலும் வாய்க்கால்களிலும் ஆழமற்ற குட்டைகளிலும் நீர்ப்பூண்டுகளிடையே அது வாழ்கின்றது. தாய்லாந்து அரசு 2019ஆம் ஆண்டில் இதனைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது.

செவுள்களாற் சுவாசிப்பதோடு, அவற்றின் மேலாக அமைந்த ஒரு தனியுறுப்பின் உதவியால் இம்மீன் நீர்மட்டத்துக்கு வந்து வளியையும் சுவாசிக்கும். ஆதலின் ஒட்சிசன் குறைந்த நீரிலும் உயிர்வாழும். இதனைக் கொண்டு, போத்தலிலோ சிறு கிண்ணத்திலோ வளர்க்கலாம் எனக் கருதுதல் தவறு. வளியைச் சுவாசிக்கும் ஆற்றல் அழுக்கு நீரின் நஞ்சிலிருந்து மீனைக் காப்பதில்லை.

ஆண்மீன்கள் இரண்டு கூடினால் ஒன்றையொன்று கடித்துச் சிதைக்கும். எனவே ஒரு தொட்டியில் ஓர் ஆண்மீனையே விடுதல் வேண்டும்.

தொட்டியை முன்னரே ஆயத்தஞ் செய்தல்

நிலத்தைப் பண்படுத்தாது நாற்று நடுவோர் இல்லை. மீனை வாங்குவதற்கு மூன்று அல்லது நான்கு வாரங்கள் முன்னதாகவே தொட்டியை ஆயத்தஞ் செய்க. 40 சென்ரிமீற்றர் நீளமும் 25 சென்ரிமீற்றர் அகலமும் உடைய தொட்டியில் 20 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் நிற்பின், அது 20 இலீற்றராகும். ஒரு மீனுக்கு அது போதுமானது. மீன் துள்ளி வெளியே விழாதிருக்க மூடி இடுக. மூடிக்கும் நீருக்கும் இடையே நான்கைந்து சென்ரிமீற்றர் வெளியிருத்தல் அவசியம்.

கழுவிய சிறு பரற்கற்களை அடியிற் பரப்பித் தாவரங்களை நடுக. கிறிப்ரோகொறைன் வெண்டியை என்னும் நீர்த்தாவரம் இலங்கைக்கே உரியது. குறைந்த ஒளியிலும் வளர்வதால் உலகின் பல நாடுகளிலும் தொட்டிகளில் விரும்பி நடப்படுகின்றது. இதனை ஓடைகளிலிருந்து பிடுங்காது, நாற்றகங்களில் வளர்த்தவற்றையே வாங்குக. நட்டதும் இலைகள் அழுகிக் கரைதல் உண்டு. வேர் நலமாயிருப்பின் மீண்டும் தளிர்க்கும். விரைந்து வளரும் ஐதரில்லாவையும் உடன் வைத்தல் நன்று.

மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது. அது மீனுக்கு நஞ்சு. பரற்கற்களிற் குடியேறும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரேற்றாக மாற்றும். தாவரங்கள் அதனைப் பசளையாக உறிஞ்சும். ஒன்றிரண்டு துணிக்கை மீனுணவை நாடோறும் வெறுந்தொட்டியில் இட்டுவரின், மீன் வருமுன்னரே பற்றீரியாக்கள் பெருகும்.

குழாய்நீரைப் பயன்படுத்துவோர், குளோரீன் நீங்கும்பொருட்டு ஒரு நாள் அகன்ற பாத்திரத்தில் வைத்த பின்னர் ஊற்றுக. கிருமிநாசினி தெளித்த வயலின் வாய்க்கால் நீரை ஒருபோதும் பயன்படுத்தற்க. நீரின் வெப்பநிலை 24 தொடக்கம் 28 பாகை செல்சியசு வரை இருத்தல் நன்று. நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களில் நீர்வெப்பமூட்டி வேண்டியதாகும்.

மீனைத் தெரியும் முறை

1. அசைவு: கையை அருகே கொண்டு செல்லும்போது மீன் திரும்பிப் பார்த்து நீந்துதல் வேண்டும். அடியிற் கிடப்பதையும் சரிந்து மிதப்பதையும் விலக்குக.

2. செட்டை: கிழிவும் கருகிய ஓரமும் இன்றி விரிந்திருத்தல் நன்று. உடலோடு ஒடுங்கிய செட்டை நோய்க்கோ சோர்வுக்கோ அறிகுறி.

3. உடல்: செதில்கள் படிந்திருத்தல் வேண்டும். செதில்கள் சிலிர்த்து வயிறு வீங்கிய மீன் பிழைத்தல் அரிது. வெண்புள்ளியும் பொன்தூள் போன்ற படலமும் ஒட்டுண்ணிகளின் அடையாளம்.

4. கண்: இரு கண்களும் தெளிவாயிருத்தல் வேண்டும். தடித்த வெண்செதில் கொண்ட சில இனங்களிற் செதில் கண்மேற் படர்ந்து பார்வையை மறைப்பதுண்டு.

5. உணவு: கடைக்காரரைக் கொண்டு சிறிது உணவு இடுவித்து, மீன் உண்பதைக் கண்ட பின் வாங்குக.

6. செட்டையின் நீளம்: நீண்ட செட்டையுள்ள மீன் காண அழகியது, ஆயினும் நீந்துதற்கு வருந்தும், செட்டையும் எளிதிற் கிழியும். தாவரம் செறிந்த தொட்டிக்குக் குறுஞ்செட்டை இனமே பொருத்தமானது.

இவை யாவும் நிறைவெய்திய பின்னரே நிறத்தை நோக்குக. செம்மீனும் நீலமீனும் பச்சை இலைகளிடையே நன்கு துலங்கும். பல நிறம் கலந்த மீன்கள் வளரும்போது நிறம் மாறுதலும் உண்டு.

பராமரிப்பு

மீன் உள்ள பையைத் தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்கவிட்டுப் பின்னர் மீனை விடுக. நாளொன்றுக்கு ஒருமுறை அல்லது இருமுறை, சில நிமிடங்களுள் உண்டு முடிக்குமளவே உணவு இடுக. நுளம்புக் குடம்பிகள் இம்மீனுக்கு விருப்பமான உணவு. வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுக. அகற்றிய நீரை மிளகாய், கத்தரிப் பாத்திகளுக்கு ஊற்றலாம்.

எச்சரிக்கை

வேண்டாத மீனையோ தாவரத்தையோ குளத்திலும் வாய்க்காலிலும் விடுதல் கூடாது. 1939ஆம் ஆண்டில் ஆய்வுக்கெனக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா, பின்னர் எமது வயல்களிலும் நீர்நிலைகளிலும் பரவி விளைத்த கேட்டைக் கமக்காரர் அறிவர். அயல்நாட்டு மீன் புதிய நோய்களையும் கொண்டு செல்லக்கூடும். மீனைக் கடைக்கோ வளர்ப்போருக்கோ கொடுத்துவிடுக. தாவரத்தை வெயிலில் உலர்த்தி எருக்குழியில் இடுக.