பாத மருவும் கால் ஆணியும்

நடக்கும்போது சிறு கல் உறுத்துவதுபோல் உள்ளங்கால் வலிக்கும். பார்த்தால், குதிகாலிலோ விரல்களுக்குக் கீழேயோ தோல் தடித்துச் சொரசொரப்பாக இருக்கும். இதைக் கால் ஆணி என்று எண்ணிப் பிளேடால் செதுக்குவோர் உண்டு. ஆனால், சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் வரும் இத்தகைய தடிப்பு பல வேளைகளில் பாத மருவாக இருக்கும். அதைச் செதுக்கினால் இரத்தம் கசிந்து புண்ணாகும். கிருமி அருகிலுள்ள தோலுக்கும் பரவும்.

பொருந்தாத காலணி ஓயாமல் அழுத்துவதால் கால் ஆணி உண்டாகிறது. அது பிறருக்குத் தொற்றாது. பாத மருவோ மனிதப் பாப்பிலோமா நச்சுயிரியால் வருகிறது. இக்கிருமி, தோலிலுள்ள மிகச் சிறிய கீறல்கள் வழியே நுழைகிறது. நீரில் ஊறிய தோலில் எளிதாகப் புகுந்துவிடும். அதனால்தான், பலர் வெறுங்காலுடன் நடமாடும் நீச்சல் குள ஓரங்களிலும் பொதுக் குளியலறைகளிலும் இது பரவுகிறது.

இவ்விரண்டையும் எவ்வாறு வேறுபடுத்துவது? முதலில், தோலின் ரேகைகளைக் கவனியுங்கள். கால் ஆணியின் மேல் அவை தொடர்ந்து செல்லும். மருவின் மேல் தடைபடும். அடுத்து, மருவில் சிறு கறுப்புப் புள்ளிகள் தெரியலாம். சிலர் அவற்றை ‘வேர்’ என்பர். உண்மையில், அவை இரத்தம் உறைந்த நுண்ணிய நாளங்கள். மேலும், கால் ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். மருவை இருபுறமும் பிடித்து அழுத்தினால் அதிகமாக வலிக்கும்.

சிறுவர்களுக்கு வரும் மருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 2 ஆண்டுகளுக்குள் தாமாகவே மறைந்துவிடும். உடலின் நோய் எதிர்ப்பாற்றலே அவற்றை நீக்குகிறது. வலி இருந்தால், மருந்தாளரின் ஆலோசனையுடன் சாலிசிலிக் அமில மருந்தைப் பயன்படுத்தலாம். காலை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடங்கள் ஊறவைத்து, தடித்த தோலை மெதுவாகத் தேய்த்த பிறகு, மருவின் மீது மட்டும் மருந்தைப் பூச வேண்டும். நாள்தோறும் பூசினாலும் பலன் தெரிய 12 வாரங்கள்வரை ஆகலாம். சில நாள்களிலேயே நிறுத்திவிட்டால் பயனில்லை.

மரு பெருகினாலோ இரத்தம் கசிந்தாலோ நடக்க முடியாதபடி வலித்தாலோ மருத்துவரைக் காண வேண்டும். தேவைப்பட்டால், அவர் திரவ நைட்ரஜனால் மருவை உறையவைத்து அகற்றுவார். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் எம்மருந்தையும் பூசக்கூடாது.

மரு வந்த மாணவர் நீச்சல் வகுப்பைத் தவிர்க்க வேண்டியதில்லை. நீர் புகாத பிளாஸ்டரால் மருவை மூடி, குளத்தின் ஓரத்தில் ரப்பர் செருப்பு அணிந்தால் போதும். துண்டு, காலுறை, காலணி ஆகியவற்றைப் பிறருடன் பகிரக்கூடாது.

பாத மரு யாருக்கும் வரலாம். கேலிக்கு அஞ்சி அதை மறைப்பவர் வலியோடு நடக்கிறார், சிகிச்சையும் தாமதமாகிறது. ஆகவே, உள்ளங்காலில் தடிப்பைக் கண்டால், தயங்காமல் பெற்றோரிடம் காட்டுங்கள்.